பகுதிப் பக்கத்தில் கோலம்: டைட்டில்செக், கோமா, மெமுவார், டைப்ஸ்ட்

பினாங்குத் தமிழ்க் கல்வியின் கதையை எழுதுகிறவர்கள் 1816இல் ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஜார்ஜ்டவுனில் என்னிடம் பக்கம் கட்ட வந்த முன்னாள் மாணவர் மலரும் அப்படித்தான் ஆரம்பித்தது. மொத்தம் ஆறு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு தனிப் பக்கம்: காவி நிறத் தரை, அதில் வெள்ளைச் சிக்குக் கோலம், மேலே சிறிதாக "இரண்டாம் பகுதி", நடுவில் பெரிதாகத் தலைப்பு, கீழே இரண்டு வரி மேற்கோள். மலர்க் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டது இவ்வளவுதான்.

அந்த ஒரே பக்கத்தை நான்கு விதமாகக் கட்டிப் பார்த்தேன். கட்டளைகளை எழுதி நூலின் பக்கங்களைக் கட்டும் மென்பொருள்கள் இரண்டு: லாடெக்கில் மூன்று வழி (டைட்டில்செக் என்ற துணைத் தொகுப்பு, கோமா-ஸ்கிரிப்ட், மெமுவார் என்ற நூல் வகுப்புகள்), டைப்ஸ்டில் ஒன்று. அழகில் நான்கும் ஒன்றுதான். ஒரு பக்கத்தை ஒரு தடவை அழகாகக் காட்ட எந்தக் கருவியாலும் முடியும். வித்தியாசம் திருத்தம் வரும்போதுதான் தெரியும். எனக்கு மூன்று திருத்தம் வந்தன: ஒரு தலைப்பு நீண்டு இரண்டு வரியானது, நடுவில் ஒரு புதுப் பகுதி நுழைந்தது, கடைசியில் தாள் அளவு ஏஐந்திலிருந்து பீஐந்து ஆனது. ஆகவே இந்த மூன்றையும் வைத்தே அளக்கிறேன்.

முதலில் தமிழுக்கென்று இருக்கும் ஒரு சிக்கல். லாடெக்கின் வழக்கமான வகுப்புகள், அதாவது நூலின் பொது அமைப்பைத் தரும் வார்ப்புகள், 'பார்ட்' என்ற சொல்லை முன்னால் போட்டு எண்ணைப் பின்னால் போடும். பெயரை மட்டும் தமிழாக்கினால் "பகுதி II" என்று ரோமன் எண்ணோடு வரும். தவறில்லை, ஆனால் அலங்காரப் பக்கத்தில் அது படிவம் நிரப்புவது போல இருக்கும். "இரண்டாம் பகுதி" என்று வர வேண்டுமானால் வரிசையையே திருப்ப வேண்டும், எண்ணைச் சொல்லாக மாற்ற வேண்டும். முதல், இரண்டாம், மூன்றாம் என்று ஒரு சின்னப் பட்டியலைக் கட்டளைக்குள் வைத்தால் போதும். நான்கு கருவியிலும் இது முடியும். எங்கே எழுதுவது என்பதுதான் மாறும்.

டைட்டில்செக் பலருக்கும் முதலில் கைக்கு வருவது. வழக்கமான 'புக்' வகுப்பில் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் நூலுக்கு இதைவிட எளிய வழி இல்லை. தலைப்பின் தோற்றம், எண்ணின் தோற்றம், இடைவெளி என்று தனித்தனி இடம் கொடுக்கிறது. "இரண்டாம் பகுதி" எண்ணுக்கான இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. எனக்கு உதைத்தது மேற்கோள். பகுதித் தலைப்பை அது தனிப் பக்க வகையாக நடத்துகிறது. தலைப்பு முடிந்ததும் பக்கமும் முடிந்துவிடும். கீழே ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு இரண்டு வரி வேண்டுமென்றால், ஒரு கட்டளையில் அந்த வரியைச் சேமித்து வைத்து, தலைப்புக்குப் பின் வரும் இடத்தில் அதை அழைக்க வேண்டும். செய்யலாம். ஆனால் ஒரு பகுதிக்கு மேற்கோள் மாற்ற மறந்தால் முந்தைய பகுதியின் வரிகளே திரும்ப அச்சாகிவிடும். எனக்கு நான்காம் பகுதியில் அப்படி ஆனது. மெய்ப்புப் பார்த்த தலைமையாசிரியர் ஐயாதான் கண்டுபிடித்தார்.

கோமா-ஸ்கிரிப்டில் இப்படி மேற்கோள் வைப்பதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. பகுதித் தலைப்புக்கு முன்னால் அதை எழுதி, மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று சொன்னால் போதும். அடுத்து வரும் பகுதிக்கு மட்டும் செல்லுபடியாகும். பிறகு தானாக வெறுமையாகிவிடும். நான்காம் பகுதி விபத்து இங்கே நடக்கவே நடக்காது. தலைப்பின் மொத்த அமைப்பையும் ஒரே இடத்தில் திருத்தலாம். அந்தக் கட்டளையின் பெயர் ஒரு வரி நீளம் இருக்கும். ஜெர்மன்காரர் எழுதியது, பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: கோமாவையும் டைட்டில்செக்கையும் சேர்த்துப் போடாதீர்கள். கோமாவே வேண்டாம் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்க்காமல் தாண்டிப் போய், தலைப்பு ஏன் அசையவில்லை என்று அரை நாள் தேடியவன் நான்.

கோலத்தை எங்கே வைப்பது? பின்னணிப் படம் போடும் தொகுப்பை வைத்து, பகுதிக் கட்டளைக்கு மேல் ஒரு வரி எழுதினேன். கோலம் முந்தைய பக்கத்தில் போய் விழுந்தது. காரணம் எளிது: பகுதிக் கட்டளை முதலில் பழைய பக்கத்தை முடித்துவிட்டுத்தான் புதுப் பக்கத்துக்குப் போகிறது. நான் கொடுத்த படமோ அதற்குள் பழைய பக்கத்தில் ஏறிவிட்டது. சரியான இடம் தலைப்பு அமைப்புக் கட்டளையின் உள்ளே. அங்கே டிக்ஸ் என்ற வரைபடத் தொகுப்பால் கோலப் படத்தைப் பக்க மூலைகளோடு கட்டிப் போட்டால், தாள் ஏஐந்தோ பீஐந்தோ, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டரோ 176க்கு 250ஓ, கோலம் தானாக விரியும். சென்டிமீட்டர் கணக்கில் இடைவெளி வைத்த இடங்கள் மட்டும் கோணலாயின. டிக்ஸ் பக்க மூலையை அறிய இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் கோலம் எங்கேயோ கிடந்தால் பயப்பட வேண்டாம்.

லாடெக்கில் அலங்காரக் கொடிகளுக்கென்று பிஜிஎஃப் ஆர்னமென்ட் என்ற தொகுப்பும் உண்டு. அதில் ஐரோப்பிய இலையும் சுருளும் ஏராளம். சீன அலங்காரங்களுக்குத் தனியாக ஒரு துணைத் தொகுப்பு இருக்கிறது. கோலம் இல்லை. அதனால் அம்மாவைத் தாளில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்துப் போடச் சொல்லி, அதை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இழைத்தேன்.

மெமுவாரைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் ரொம்ப நாள் இருக்கவில்லை. கையேடே 500 பக்கத்துக்கு மேல். பகுதிப் பெயர், எண், தலைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை இருப்பதால், எது எங்கே என்று பிடிபடும்வரை கஷ்டம், பிடிபட்ட பின் சுகம். ஆனால் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பும்போது அதற்கு ஒரு பெரிய பலம் உண்டு. தாள் அளவையும் வெட்டிய பின் நிற்கும் அளவையும் தனித்தனியாகச் சொல்லி, வெட்டுக்குறிகளையும் அதிலேயே போடலாம். காவித் தரை பக்க விளிம்புவரை போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டுமே. இல்லையென்றால் வெட்டும் கத்தி சற்று விலகினாலே வெள்ளைக் கோடு தெரியும். கோமாவில் இதற்கு இன்னொரு தொகுப்பைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

மெமுவாரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பகுதிப் பக்கத்தின் பின்பக்க வெறுமையை ஒரே சொல்லில் நிறுத்தலாம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆறு பகுதி, முன்னும் பின்னும் சேர்த்து 12 பக்கம். அதற்கு முன்னால் இடப்பக்கம் வெறுமையாக விழுந்தால் 18 வரை போகும். 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று அச்சகம் கணக்குப் பார்த்தால், வெறும் அலங்காரத்துக்கே ஒரு ஃபாரத்துக்கு மேல். வெள்ளியை எண்ணிக் கொடுக்கும் குழுவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோமாவிலும் அந்த வெறுமையை எடுக்கலாம், ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி டைப்ஸ்ட். பெர்லினில் தொடங்கிய திட்டம், 2023இல் பொதுவெளிக்கு வந்தது. லாடெக்கில் பழகிய கைக்கு முதல் ஒரு மணி நேரம் கோபமாக இருக்கும், அப்புறம் லாடெக் மேல் கோபம் வரும். ஒரு எழுத்தை மாற்றினால் உடனே பக்கம் மாறுகிறது. பிழைச் செய்தி என்ன தவறு, எந்த வரி என்று மனிதருக்குப் புரியும்படி சொல்கிறது. முதல் நிலைத் தலைப்பு வந்தால் இப்படிக் காட்டு என்று ஒரு விதி எழுதினேன். அதற்குள்ளேயே காவித் தரை, கோலம், மேற்கோள் எல்லாம் அடங்கின. இடைவெளிகளைப் பக்கத்தின் விழுக்காட்டில் சொல்லலாம் என்பதால் பீஐந்துக்கு மாறியபோது ஒரு வரியைத் தவிர எதையும் தொடவில்லை. இந்தத் திருத்தத்தில் டைப்ஸ்ட்டே முதல்.

ஆனால் டைப்ஸ்டுக்குப் பகுதி என்ற நிலையே கிடையாது. முதல் நிலைத் தலைப்பைப் பகுதியாக எடுத்துக்கொண்டால் கட்டுரைகள் இரண்டாம் நிலைக்கு இறங்கும். இறங்கியதும் ஒவ்வொரு பகுதியிலும் கட்டுரை எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். லாடெக்கில் அத்தியாய எண் பகுதிகளைத் தாண்டித் தொடர்ந்து ஓடும். மலரில் கட்டுரைகள் 1 முதல் 34 வரை தொடர வேண்டும் என்பதால் தனியாக ஓர் எண்ணியைச் செய்து கட்டினேன். நடுவில் புதுப் பகுதி நுழைந்தபோது அந்த எண்ணி சரியாகவே ஓடியது. ஆனால் பொருளடக்கத்தில் எண்கள் ஒத்துவர இன்னொரு மாலை போயிற்று.

நிறத்தில் இன்னொரு கண்ணி. தரையின் நிறத்தை அச்சகத்தின் நான்கு மைக் கணக்கில் சொல்லலாம், டைப்ஸ்ட் ஏற்கும். கோலத்தை எஸ்விஜி என்ற கோட்டுப்பட வகையில் வைத்தால் அதன் நிறங்கள் திரை நிறங்களாகவே உள்ளே வரும். கோலம் வெள்ளை என்பதால் தப்பித்தேன். ஓரக் கரையையும் அதே படத்தில் காவியில் வரைந்திருந்தால் பக்கத்தில் இரண்டு காவி தெரிந்திருக்கும். லாடெக்கில் கோலத்தை நான்கு மை பிடிஎஃப் கோப்பாக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நீண்ட தலைப்பு விஷயத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் சறுக்கும். தலைப்புக்குள் கையால் வரி உடைத்தால் அது பொருளடக்கத்திலும் உடையும். லாடெக்கில் பொருளடக்கத்துக்கு வேறு வடிவம் கொடுக்க வசதி இருக்கிறது. டைப்ஸ்டில் சுற்றிப் போக வேண்டும்.

எழுத்து இடைவெளியைப் பற்றி ஒரு சொல். ஆங்கில அலங்காரப் பக்கங்களில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது அழகு. அதை அப்படியே தமிழுக்கு லாடெக்கில் செய்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகும். "கொடி" கொடியாக இருக்காது. அளவைக் கூட்டுங்கள், தடிமனைக் கூட்டுங்கள், இடைவெளியைத் தொடாதீர்கள். தலைப்புக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதியைப் போட்டுப் பார்த்தேன். கோடுகளெல்லாம் ஒரே தடிமன் என்பதால் கோலத்தோடு நன்றாகச் சேர்ந்தது. ஆனால் அது ஆப்பிள் மேக் கணினியோடு வரும் எழுத்துரு. குழுவில் இன்னொருவர் விண்டோசில் ஓட்டியதும் தலைப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாயின. நோட்டோ செரிஃப் எழுத்துருவுக்குத் திரும்பினேன்.

கடைசியில் மலர் கோமாவிலும் டிக்சிலும்தான் அச்சுக்குப் போனது. மேற்கோள் வசதியும் தொடரும் அத்தியாய எண்ணும் தீர்மானித்தன. வெட்டுக்குறிக்காக மெமுவாரை ஒரு நாள் ஏக்கத்தோடு பார்த்தேன், அவ்வளவுதான். ஐயா மெய்ப்பைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கோலம் எல்லாப் பகுதியிலயும் ஒண்ணா இருக்கே, வேற போடக்கூடாதா?" என்றார். ஆறு கோலக் கோப்புக்கு எண் வைத்து, பகுதி எண்ணைக் கொண்டே கோப்பை அழைக்கும்படி ஒரு வரி மாற்றினேன். அம்மா இன்னும் ஐந்து கோலம் போட்டார். அடுத்து வந்திருப்பது மூன்று பகுதியுள்ள 64 பக்கக் கவிதைத் தொகுப்பு. அத்தியாய எண்ணே கிடையாது. அதை டைப்ஸ்டில் தொடங்கிவிட்டேன்.