மூன்று சீசன் கழித்தும் நேராகப் போகிற அம்பு எது? நான்கு வகை கார்பன் தண்டுகள், ஒரு ஒப்பீடு

பெட்டி மேல் ±0.001 (தண்டு எத்தனை அங்குலம் வரை கோணலாக இருக்கலாம் என்கிற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் ஒரு டஜன் அம்புக்குக் கூடுதலாக எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடத் தோன்றும். நானும் கொடுத்திருக்கிறேன். மிச்சிகனில் அக்டோபர் 1-ம் தேதி வில் சீசன் தொடங்குகிறது, நான் ஜூலையிலிருந்தே கொல்லையில் டார்கெட் வைத்து எய்ய ஆரம்பித்துவிடுவேன். இத்தனை வருடம் எய்ததில் எனக்குப் பட்டது இதுதான்: வாங்கிய அன்று போன மாதிரியே மூன்றாவது சீசனிலும் அம்பு போகுமா என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை, தண்டின் முன்முனைதான் தீர்மானிக்கிறது. இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டில் ஒட்டுகிற சின்ன உலோகத் துண்டு) அங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது, அடி விழும்போது அந்த விளிம்பு தாங்குகிறதா, அவ்வளவுதான். துல்லியம் வேறு, உறுதி வேறு என்று பிரித்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முனை நசுங்கிய அம்பு முதல் நாள் எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தால் என்ன?

ஒப்பிடும் முன் ஒரு பொது அளவு வேண்டும். என் காம்பவுண்ட் (கப்பி வைத்த) வில்லை இழுக்க வேண்டிய விசை 65 பவுண்டு, இழுப்பு நீளம் 28 அங்குலம், எய்வது 340 ஸ்பைன். ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பைச் சொல்கிற எண். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு (880 கிராம்) எடையைத் தொங்கவிட்டால் அது 0.340 அங்குலம் வளைகிறது, அதனால் 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். எடையை கிரெயினில் சொல்வார்கள். 7000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு, அப்படியென்றால் ஒரு கிரெயின் குன்றிமணியில் பாதிதான் இருக்கும்.

சரி, முதலில் எல்லோரும் வாங்குகிற 0.246 அங்குல உள்விட்டத் தண்டு. கோல்ட் டிப் ஹண்டர் இந்த ரகம். இதன் பெரிய பலம் இன்சர்ட்டில் இருக்கிறது: அலுமினிய இன்சர்ட் உள்ளே போய், அதன் உதடு தண்டின் விளிம்பை மூடிக்கொண்டு நிற்கும், அதனால் டார்கெட் சட்டத்திலோ கல்லிலோ பட்டாலும் அடியை முதலில் வாங்குவது உலோகம்தான், கார்பன் நார் இல்லை. மலிவு, உதிரி எந்தக் கடையிலும் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் புதிதாக எய்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் கைகாட்டுவேன். குறை என்னவென்றால், அந்த உதடு தண்டின் விளிம்போடு சமமாக உட்காரவில்லை என்றால் அதன் மேல் திருகுகிற பிராட்ஹெட்டும் (கூரான அலகு வைத்த வேட்டை முனை) கோணிக்கொண்டுதான் நிற்கும். பயிற்சி முனையில் அது தெரியவே தெரியாது. நிலையான அலகு வைத்த பிராட்ஹெட் போட்டு 40 கஜத்தில் எய்தால், முன்னால் ஒரு சின்ன இறக்கை முளைத்த மாதிரி அம்பு தன் வழிக்குப் போகும்.

அடுத்தது 5 மில்லிமீட்டர் ரகம், உள்விட்டம் 0.204 அங்குலம். ஈஸ்டன் ஆக்சிஸ் இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், 340 ஸ்பைனில் அங்குலத்துக்கு 9.5 கிரெயின். இதில் இன்சர்ட் முழுவதும் தண்டுக்குள் மறைந்துவிடும், பிராட்ஹெட்டின் கழுத்து நேராகத் தண்டின் உள்சுவரிலேயே உட்காரும். நடுவில் இன்னொரு உலோக விளிம்பு கிடையாது, அதனால் முனையும் தண்டும் ஒரே கோட்டில் நிற்கிற வாய்ப்பு அதிகம். சுவர் தடிமன், தண்டு ஒல்லி, பக்கக் காற்று பிடிப்பதும் குறைவு. ஆனால் அதே காரணத்தால் முன்விளிம்பு வெறும் கார்பனாக வெளியே நிற்கிறது. எலும்பிலோ மரத்திலோ நேராகப் பட்டால் பிராட்ஹெட்டின் தோள் அந்த விளிம்பை இடித்து நசுக்கும், நார் நாராகப் பிளந்து காளான் மாதிரி விரியும். இதற்கு மருந்து ஒன்று உண்டு, வெளியே மாட்டுகிற காலர். அரை அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள ஒரு சின்ன அலுமினியக் குழாயை எபாக்சி தடவி முனையில் செருகிவிட்டால் தண்டு பிளப்பது வெகுவாகக் குறையும். எடை கொஞ்சம் முன்னால் கூடும், அதுவும் வேட்டை அம்புக்கு நல்லதே.

4 மில்லிமீட்டர் ரகம், 0.166 அங்குலம். விக்டரியின் வாப் மாதிரி. காற்றில் இது போகிற அழகே தனி, வெட்டவெளியில் எய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் வழக்கமான பிராட்ஹெட் இதற்குள் நுழையாது. பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற இன்சர்ட்டோ, மேலிருந்து மூடுகிற அவுட்சர்ட்டோ வேண்டும். அம்பு சாய்வாகப் பட்டு நின்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பாகத்தில்தான் முழு நெம்புவிசையும் விழும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது, உலோகம் இம்மி வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. அலுமினியத்தை விட்டு எஃகோ டைட்டேனியமோ போட்டால் தாங்கும், ஆனால் பன்னிரண்டு அம்புக்கும் அதை வாங்கும்போது பணம் எங்கே போயிற்று என்று புரியும். வெண்வால் மான் வேட்டையில் மரத்தின் மேல் உட்கார்ந்து 20 கஜத்தில் எய்கிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

நான்காவது, கார்பன் தண்டுக்கு அலுமினிய உறை போட்டது. ஈஸ்டனின் எஃப்எம்ஜே இப்படித்தான், 5 மில்லிமீட்டர் 340 ஸ்பைனில் அங்குலத்துக்கு 11.3 கிரெயின். 28 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் ஆக்சிஸைவிட 50 கிரெயின் கூடுதல், முனை, இன்சர்ட் எதையும் தொடாமலே. கனமான அம்பு மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும், வில்லின் சத்தமும் குறையும். வழவழப்பான உறை என்பதால் ஃபோம் டார்கெட்டிலிருந்து பிடுங்குவது சுலபம், இது தினமும் நூறு அம்பு எய்கிறவருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் கார்பனுக்கு என்று ஒரு குணம் உண்டு: ஒன்று நேராக இருக்கும், இல்லை உடைந்திருக்கும், நடுநிலை கிடையாது. உலோக உறை போட்டதும் அந்தக் குணம் கைவிட்டுப் போகிறது. அலுமினியம் வளைந்தால் வளைந்தபடி நிற்கும், உள்ளே இருக்கிற கார்பனால் அதை முழுக்க இழுத்து நிமிர்த்த முடியாது. அதனால் உறை போட்டதை வாங்குகிறவர் ஒவ்வொரு அம்பையும் அடிக்கடி உருட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

முழு அலுமினிய அம்புகளை எய்த தலைமுறைக்கு இது புதிதல்ல. 2117 என்று எண் போட்ட தண்டு (வெளிவிட்டம் ஒரு அங்குலத்தில் 64-ல் 21 பங்கு, சுவர் ஆயிரத்தில் 17 பங்கு) புதிதாக இருக்கும்போது கார்பனுக்குச் சளைத்ததில்லை. அந்தத் துல்லியம் கலைந்தபின் அதோடு மல்லுக்கட்டுவதுதான் அலுப்பு.

அப்புறம் அந்த 0.001 சமாச்சாரம். கோல்ட் டிப் ஹண்டர் வரிசையில் சாதாவுக்கு 0.006, எக்ஸ்டிக்கு 0.003, ப்ரோவுக்கு 0.001. 0.006 அங்குலம் என்பது 0.15 மில்லிமீட்டர், இரண்டு தலைமுடி கனம். 30 கஜத்துக்குள் பயிற்சி முனையோடு எய்யும்போது என் கைக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பிராட்ஹெட் மாட்டினால் தெரிகிறது, ஆனால் 0.003-க்கும் 0.001-க்கும் நடுவில் இருப்பதைவிட, விளிம்பைச் சமமாகத் தேய்த்த 0.003-க்கும் தேய்க்காத 0.001-க்கும் நடுவில் அதிகம் தெரிகிறது. தண்டின் கோணல் பெரும்பாலும் இரண்டு கடைசிகளில்தான் இருக்கும். 32 அங்குலத் தண்டை 28 ஆக்க வேண்டுமென்றால் முன்னால் மட்டும் வெட்டாமல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் வெட்டுங்கள். அதன்பின் விளிம்பைத் தேய்க்கிற கருவியில் வைத்துச் சுற்றுங்கள். விளிம்பில் முதலில் வெள்ளி மார்க்கரால் மை பூசிக்கொண்டால், மை எங்கே அழிகிறது எங்கே மிச்சமிருக்கிறது என்பதிலேயே கோணல் தெரிந்துவிடும். முழு வட்டமும் அழியும்வரை தேய்க்க வேண்டும்.

இதைவிட முக்கியம் ஸ்பைன் சீராக இருப்பது. பெரும்பாலான தண்டுகள் கார்பன் தாளை ஒரு கம்பியில் சுருட்டிச் செய்பவை, தாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற பக்கம் விறைப்பு கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு அம்பிலும் அந்தப் பக்கம் ஒரே திசையில் நிற்கவில்லை என்றால் ஒவ்வொன்றும் வில்லை விட்டு ஒவ்வொரு விதமாக வளைந்து கிளம்பும். இறகு ஒட்டாத தண்டை எய்து, அம்பின் பின்முனையில் நாணைக் கவ்விப் பிடிக்கிற ‘நாக்’ என்ற துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எல்லாம் ஒரே இடத்தில் விழும்வரை பார்ப்பதுதான் வழி. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும். மலிவு அம்புகூட அதன்பின் வேறு அம்பாகிவிடும்.

போன ஆகஸ்டில் என் அம்புகளில் 4 என்று எண் போட்ட ஒன்று டார்கெட்டின் மரச்சட்டத்தில் உரசியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வழக்கம்போல இரண்டு முனையையும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி, மெதுவாக வில்லாக வளைத்தேன். சத்தமில்லை. கால்வட்டம் திருப்பி மறுபடி வளைத்தேன். மூன்றாவது திருப்பில் வறுத்த அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பஞ்சை எடுத்துத் தண்டின் மேல் இழுத்தேன், இன்சர்ட்டுக்கு இரண்டு அங்குலம் பின்னால் ஒரு இழை மாட்டி நின்றது. அதை 65 பவுண்டு வில்லில் வைத்து விட்டிருந்தால் நாண் தள்ளுகிற வேகத்தில் தண்டு பிளந்து வில்லைப் பிடித்திருக்கிற கைக்குள்ளேயே இறங்கியிருக்கும். அப்படி அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அம்பை அங்கேயே இரண்டாக ஒடித்துப் போட்டேன், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாதே என்று. எந்த ரகம், என்ன விலை என்பதெல்லாம் இதில் கணக்கில்லை, எங்கேயாவது இடித்த ஒவ்வொரு அம்புக்கும் இந்தச் சோதனை உண்டு.

கார்பன் தண்டு சும்மா வைத்திருந்தால் தளர்ந்துபோகாது, சுற்றியிருப்பவைதான் போகும். ஜூலை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் ஹாட்மெல்ட் பசை இளகி இன்சர்ட் நகரும். அதே பசையை ஒட்டுவதற்காகத் தண்டை நேரடியாக நெருப்பில் காட்டினால் கார்பனைப் பிடித்து வைத்திருக்கிற எபாக்சியே கெட்டுவிடும், சூடாக்க வேண்டியது உலோகத்தைத்தான். நாக் தேய்ந்து நாணில் லொடலொடவென்று ஆடினால் அதை மாற்றுங்கள், அது சில்லறைச் செலவு.

இப்போது எனக்கு ஒரு டஜன் வாங்கச் சொன்னால் 5 மில்லிமீட்டர், 0.003 தரம், அதோடு காலர். 0.001-க்குக் கொடுக்கவிருந்த மிச்சப் பணத்தை விளிம்பு தேய்க்கிற கருவிக்குக் கொடுப்பேன், அது அடுத்த டஜனுக்கும் உதவும். மரம் கல் நிறைந்த இடத்தில் தரையில் நின்று எய்கிறவர், அம்பு அடிக்கடி தொலைகிறவர் என்றால் 0.246 போதும். கடமான் மாதிரி பெரிய உடம்பை நினைத்து எடை தேடுகிறவர் உறை போட்டதைப் பார்க்கலாம், வாங்கினால் வாரம் ஒருமுறை உருட்டிப் பார்க்க மேசையில் ஒரு ஸ்பின்னரும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.