வாலிபர் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்புமுன்: பூம்பாறைக்கு அப்பால் எங்களுக்கு நேர்ந்தது

கடந்த காலாண்டு விடுமுறையின் கடைசி மூன்று நாட்களில், மதுரையிலுள்ள எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த 34 பிள்ளைகளுடன் கொடைக்கானல் மேல்மலைக்கு முகாம் சென்ற ஐந்து பெரியவர்களில் நானும் ஒருத்தி. அந்த ஐவரில் பெண் நான் மட்டுமே. பிள்ளைகளிலோ பெண்கள் 15 பேர். இந்தக் கணக்கே தவறு என்பது புறப்படுமுன் எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்களை ஏமாற்றிய ஏற்பாட்டாளரின் பெயரையும் எங்கள் சபையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர் எப்படி ஏமாற்றினார் என்பதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் புத்தாண்டுக்கும் முகாம் திட்டமிடும் சபைகள் பல உண்டு என்பதால், அதே வண்ண அறிவிப்பு உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கக்கூடும்.

அந்த அறிவிப்பில் இருந்தவை இவை: தலைக்கு 2,600 ரூபாய்க்கு இரண்டு இரவு, மூவர் படுக்கக்கூடிய 13 கூடாரங்கள், மூன்று வேளை உணவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, வெந்நீர், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, வழிகாட்டியுடன் மலையேற்றம், முதலுதவி. அடியில் சிறிய எழுத்தில் ‘வனத்துறை அனுமதியுடன்’ என்றும் இருந்தது. ஏற்பாட்டாளர் வேறொரு சபையின் விசுவாசி என்றும் நம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்ப்பார் என்றும் வாலிபர் ஐக்கியச் செயலாளர் சொன்னதை வைத்தே கமிட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டது. பேருந்தைச் சபையே தனியாகப் பேசிக்கொண்டது. எங்கள் 39 பேருக்குமான 1,01,400 ரூபாயில் 70,000 ரூபாய் முன்பணமாக ஜிபே வழியே போனது. அந்த எண்ணில் தெரிந்த பெயர் ஏற்பாட்டாளருடைய பெயர் அல்ல. ‘என் மச்சான் கணக்கு’ என்றார். ரசீது கேட்டதற்கு, முகாம் முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். இந்த இரண்டு பதில்களைக் கேட்ட பிறகும் நாங்கள் பேருந்து ஏறினோம் என்றால் குற்றம் முழுவதும் அவருடையது என்று எப்படிச் சொல்வேன்?

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச்சாவடியை அடைந்தபோது முதல் அடி விழுந்தது. 2024 மே மாதத்திலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பதிந்துகொண்டுதான் போக வேண்டும். அது கட்டணமில்லாதது, கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் முடியும். ‘எல்லாம் போட்டாச்சு’ என்று ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார், போடவில்லை. பேருந்தை ஓரங்கட்டி, வண்டி எண்ணையும் தங்குமிடத்தையும் பதிய முற்பட்டபோது, தங்குமிடத்தின் முகவரி எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளிப்பட்டது. அவரை அழைத்தால் ‘பூம்பாறைன்னு போடுங்க, போதும்’ என்றார். பிறகு தண்ணீர்ப் புட்டிகள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் புட்டிகளை அங்கே கொண்டுபோகக் கூடாது. வைத்திருந்தால் புட்டிக்கு 20 ரூபாய் பசுமை வரி. நாங்கள் மூன்று அட்டைப்பெட்டிகளில் 36 புட்டிகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தோம். 720 ரூபாய் கட்டினோம், புட்டிகளையும் இழந்தோம். இது எங்கள் அறியாமைக்கான தண்டம்தான். ஆனால் வாரந்தோறும் ஆட்களை மலைக்கு அழைத்து வருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் இதையாவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

பூம்பாறையைத் தாண்டி ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் பேருந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஜீப்தான் போகும் என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். அதே இடத்தில் ஏற்பாட்டாளர் தம் உதவியாளர் ஒருவரை அனுப்பி மீதிப் பணம் 31,400 ரூபாயையும் வாங்கிக்கொண்டார். ஜீப்புக்கு நடைக்கு 800 ரூபாய் கேட்டார்கள். பெண் பிள்ளைகளையும் மூட்டைகளையும் மட்டும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, ஆண் பிள்ளைகள் தூறலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்கள் கொடைக்கானலில் மழை மிகுந்த காலம் என்பது மதுரைக்காரர்களான எங்களுக்குத் தெரியாத செய்தியல்ல. விடுமுறை கிடைக்கிறது என்பதற்காகத் தேதியை முடிவு செய்துவிட்டு வானத்தை ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டோம்.

போய்ச் சேர்ந்த இடம் அறுவடை முடிந்த ஒரு படிக்கட்டு வயல். கூடாரங்கள் 13 அல்ல, ஒன்பது. அவையும் இருவர் படுக்கும் சிறிய வகை. வெயில் காலத்துக்கானவை, மேலே மழைவிரிப்பு இல்லாதவை. நான் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். 34 பிள்ளைகளையும் ஐந்து பெரியவர்களையும் ஒன்பது கூடாரங்களில் எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொன்றிலும் நால்வருக்குக் குறையாமல் விழுந்தது. மண்தரையில் நேரடியாக விரித்திருந்த அடிப்பாயை விரலால் அழுத்தினேன், விரல் நனைந்தது. ‘தனித்தனிக் கழிப்பறை’ என்பது தகரத்தால் நான்கு புறமும் அடைத்த ஒரே குழிக் கழிப்பறை. தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு சணல் கயிறு. பெண் பிள்ளைகள் போகும்போதெல்லாம் வெளியே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் வேலை இரண்டு நாளும் என்னுடையதாயிற்று. இரவுச் சாப்பாட்டில் முதல் இருபது பேருக்குச் சப்பாத்தி கிடைத்தது. மற்றவர்களுக்கு ரொட்டியும் ஜாமும். முதலுதவிப் பெட்டியைக் கேட்டபோது உதவியாளர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பாராசிட்டமால் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் நான்கு மாத்திரைகள் இருந்தன.

இதுவரை சொன்னவை அசௌகரியங்கள். இவற்றுக்காக நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த முதல் இரவுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு மழை வலுத்து, கேம்ப் ஃபயர் அணைந்துபோனது. கோழி பாதி வெந்தும் வேகாமலும் பரிமாறப்பட்டது. மாற்றுடை நனைந்துபோன பிள்ளைகள் ஈர உடையோடே படுத்தார்கள். எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுப் பழக்கம், வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் நள்ளிரவில் ஒருமுறை தலை எண்ணாமல் இருக்க முடியாது. ஒன்றரை மணிக்கு டார்ச்சுடன் போனபோது, கடைசிக் கூடாரம் மட்டும் உள்ளிருந்து மங்கலாகச் சிவந்து தெரிந்தது. ஜிப் முழுவதும் மூடியிருந்தது. திறந்தேன். நால்வர் முடங்கிக் கிடந்தார்கள். நடுவே ஓர் அலுமினியச் சட்டியில் பார்பிக்யூ அடுப்பின் கனல். புகை இல்லை, வாடையும் அவ்வளவாக இல்லை. ஓரத்தில் கிடந்த பத்தாம் வகுப்புப் பையனை உலுக்கினேன். ‘தலை ரொம்ப வலிக்குது டீச்சர்’ என்று குழறியவன், எழுந்து உட்காருமுன்னே என் கையிலேயே வாந்தியெடுத்தான். மற்ற மூவரையும் காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தோம். சட்டியை மழையில் வைத்தபோது எழுந்த ‘சொய்ங்’ என்ற ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

கரிக் கனல் புகையாமல் சிவந்து கிடப்பதைப் பார்த்தால் ஆபத்தில்லாததாகவே தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிப்படுவது அந்த நிலையில்தான். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். உறக்கத்தில் இருப்பவர் மயக்கத்துக்குப் போவாரே தவிர, மூச்சுமுட்டி விழித்துக்கொள்ள மாட்டார். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், சமைத்த கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தார்கள்; செய்தித்தாளில் படித்தவள்தான் நான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கனலை அள்ளிக் கொடுத்தவர் யார் என்று விசாரித்தால், குளிருகிறது என்று கேட்ட பையன்களுக்கு இரக்கப்பட்டு ஏற்பாட்டாளரின் உதவியாளரே கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கைப்பேசியில் சிக்னல் இல்லை. 108-ஐ அழைக்க வேண்டுமானால் மண்பாதை முனைக்குப் போக வேண்டும். எங்களில் ஒருவர் அந்த இருட்டில், காட்டுமாடு நிற்கும் பாதையில், நனைந்துகொண்டே நடந்து போய்ப் பேருந்து ஓட்டுநரை எழுப்பி, ஊருக்குள் ஒரு ஜீப்பைப் பிடித்துவர மூன்று மணியாயிற்று. நால்வரையும் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், ஆக்சிஜன் வைத்தார்கள், மாலைக்குள் தெளிந்துவிட்டார்கள். பெற்றோருக்குத் தெரிவிக்கலாம் என்றால் எண்கள் செயலாளரின் கைப்பேசியில் மட்டும் இருந்தன; அது சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற விவரம் எவரிடமும் இல்லை. ‘டென்ட்டுக்குள்ள அடுப்பு வைக்கக் கூடாதுன்னு பசங்ககிட்ட யாருமே சொல்லலையா?’ என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். ஐந்து பெரியவர்களில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

முகாமில் எஞ்சியிருந்தவர்களுக்கு விடிந்ததும் வேறொரு கூத்து. நிலத்தின் சொந்தக்காரர் வந்து, பத்துப் பேர் ஓரிரவு தங்குவார்கள் என்று சொல்லித்தான் தம்மிடம் கேட்டார்கள், அந்த வாடகையும் இன்னும் வரவில்லை, உடனே காலி செய்யுங்கள் என்றார். அவர் மீது குறையில்லை. எங்கள் கதையைக் கேட்டதும் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கட்டங்காப்பி போட்டு அனுப்பியவரும் அவர்தான். ஏற்பாட்டாளரோ அப்போதுதான் புத்துணர்ச்சியோடு வந்திறங்கி, பிள்ளைகளைச் சோலைக்காட்டுக்குள் மலையேற்றம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி எங்களில் ஒருவர் கேட்க, ‘அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு சார்’ என்று பதில் வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையதளத்தில் பாதைகளைப் பட்டியலிட்டு முன்பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத காட்டுக்குள் கடிதமும் இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்பவரோடு பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்தியது மட்டுமே அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த சரியான காரியம். இரண்டாம் இரவுக்கு அங்கே தங்கவில்லை; மாலையில் மதுரைக்குத் திரும்பிவிட்டோம்.

பணத்தைக் கேட்டோம். பாதியையாவது திருப்பித் தரும்படி எழுதிய செய்திக்கு, மழை இயற்கையின் செயல் என்றும், அடுத்த முகாமுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் பதில் வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, விசுவாசிக்கு விரோதமாய் விசுவாசி வழக்காடக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை ஒருவர் எடுத்துக்காட்டினார். தேவன் பிள்ளைகளைக் காத்தார், அதோடு விடுவோம் என்றார் இன்னொருவர். காத்தார் என்பதை நானும் முழங்காலில் நின்று சொன்னவள்தான். அடுத்த சபையின் பிள்ளைகளையும் அவரே காத்துக்கொள்ளட்டும் என்று வாளாவிருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நானும் ஆறு பெற்றோரும் சபையின் பெயரைச் சேர்க்காமல் நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். ரசீது இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு: ஜிபே பரிமாற்றப் பதிவும், அந்த வண்ண அறிவிப்பும், வாட்ஸ்அப் உரையாடலும் எங்களுக்குச் சான்றாக நிற்கின்றன. அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இதே போன்ற அழைப்பு உங்களுக்கு வந்தால், முன்பணத்துக்கு முன்பே பெரியவர்கள் இருவர் ஒரு பகல் நேரில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாகன எண்ணெய்ச் செலவு நாங்கள் இழந்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நிலம் யாருடையது என்று ஊரில் கேளுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் இடத்துக்கு எந்த அனுமதியும் கேட்கப்படவில்லை என்று நாங்கள் திரும்பி வந்த பிறகு விசாரித்தபோது ஒரே தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிட்டது. பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் எண்களையும் மருந்து விவரத்தையும் தாளில் எழுதி இரண்டு பேரிடம் வையுங்கள். பெண் பிள்ளைகள் போனால் பெண்கள் மூவராவது உடன் போங்கள்.

சென்ற வாரம் அவருடைய டிசம்பர் முகாம் அறிவிப்பு எனக்கே வந்தது. கட்டணம் 2,900 ரூபாயாகியிருக்கிறது. நடுவில் பெரிதாக ஒரு படம்: மழைக்கு முன் கேம்ப் ஃபயரைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடும் எங்கள் பிள்ளைகள். முன்வரிசையில், என் கையில் வாந்தியெடுத்த அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான். படத்தை நீக்கும்படி எழுதினேன். கட்டைவிரல் உயர்த்திய ஒரு குறி மட்டும் பதிலாக வந்தது. படம் இதை எழுதும்வரை அங்கேயே இருக்கிறது.