எழுத்துத் தேர்வா, முடிவுக் குறிப்பா?
முதுகலை மாணவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு காட்டாது. எல்லாத் தகவலும் வினாத்தாளிலேயே இருக்கும். பெரிய வகுப்புக்குத் தாங்கும், திருத்துவதும் சுலபம்; அவ்வளவுதான்.

முடிவுக் குறிப்பு என்பது, மாணவர் தன் முடிவையும் காரணத்தையும் சுருக்கமாக எழுதித் தருவது; இதில் தகவல் தவணை தவணையாக வரும். சிங்கப்பூரின் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரை விரிவாக்குவதா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டுவதா? முதல் வாரம் கட்டுமானச் செலவை மட்டும் கொடுங்கள். மாணவர் ஒரே பக்கத்தில் முடிவு, காரணம், எத்தனை விழுக்காடு உறுதி, எது தெரிந்தால் மனம் மாறுவார் என்று எழுதட்டும். அடுத்த வாரம், மின்கட்டணம் உயர்ந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடல்நீர் ஆலைக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவை, கணக்கு மாறும். பிறகு 10 நிமிட வாய்மொழித் தேர்வு. சாட்ஜிபிடி எழுதித் தந்த பக்கம் அங்கே நிற்காது.

சறுக்குவது மதிப்பெண்ணில்தான். "சரியான" முடிவுக்கு மதிப்பெண் போட்டால், ஆசிரியருக்குப் பிடித்ததை மாணவர்கள் மோப்பம் பிடித்து எழுதுவார்கள். காரணத்துக்குப் போடுங்கள். முதல் பக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; கையில் விட்டால் பிறகு திருத்திவிடுவார்கள்.

30 பேருக்கு வாய்மொழி மட்டுமே 5 மணி நேரம். வகுப்பு அதைவிடப் பெரிதென்றால், எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வியையாவது இப்படி இரண்டு தவணையாகக் கொடுங்கள்.