சுவிட்சில் ஓடும் கார் சீட்டுக்கு மோட்டார் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் இருக்கும் நாங்கள் கார் வேலைக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோதான் போவோம். கோவையில் ஒரு பெரிய பணிமனை என்னிடம் 42,000 ரூபாய் பறித்த விதத்தைச் சொல்கிறேன். கேரளப் பதிவெண் வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என் காரின் ஓட்டுநர் இருக்கையில் மெமரி வசதி உண்டு. என் மனைவியும் ஓட்டுவார் என்பதால் ஆளுக்கொரு பொத்தான்; அழுத்தினால் அவரவர் பதிந்து வைத்த இடத்துக்கு சீட் தானாகவே நகர வேண்டும். ஆனால் அழுத்தினால் சீட் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். அதே சமயம் பக்கவாட்டுச் சுவிட்சை அழுத்தினால் முன்னும் பின்னும், மேலும் கீழும் ஒழுங்காக ஓடும். இதைத்தான் கவனிக்க வேண்டும். சுவிட்சில் ஓடுகிறதென்றால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, மோட்டாரும் எரியவில்லை. மெமரிக்குக் கூடுதலாக ஒன்று தேவை: சீட் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. பல கார்களில் மோட்டாரோடு இருக்கும் ஹால் சென்சார் (மோட்டார் சுழல்வதைக் காந்தம் மூலம் உணரும் சிறு கருவி) மின் துடிப்புகளை அனுப்ப, மாட்யூல் (சீட்டை இயக்கும் மின்னணுப் பெட்டி) அவற்றை எண்ணிக்கொள்ளும். துடிப்பு வராவிட்டால் சீட் எதிலோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து மாட்யூல் நிறுத்திவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சீட்டுக்கு அடியில் போகும் ஒயர்களையும் கனெக்டர்களையும்தான்.

கோவைப் பணிமனையில் யாரும் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில்கூட எடுக்கவில்லை. "மோட்டார் எரிந்துவிட்டது, மாட்யூலும் போய்விட்டது" என்றார்கள். எரிந்த மோட்டார் சுவிட்சில் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். "இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் சார்" என்பதே பதில். பில்லில் 'எலக்ட்ரிக்கல் வேலை' என்று ஒரே வரி. பழைய பாகங்களைக் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டனவாம்.

சில நாட்களில் மெமரி மறுபடி நின்றது. போதாததற்கு ஏர்பேக் விளக்கும் எரிய ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். உயிர் காக்கும் பாகத்தில் இந்த அலட்சியம்! பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறாத கோபம்.

பொள்ளாச்சியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் சீட்டை நகர்த்தியபடியே மீட்டர் வைத்துப் பார்த்தார். சென்சாருக்கு மின்சாரம் வந்தது. மாட்யூல் பக்கம் சிக்னல் வரவில்லை. சீட் நகரும் தண்டவாளத்துக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் இடையே நசுங்கி அறுந்திருந்த ஒயரை டார்ச் அடித்துக் காட்டினார். கோவைப் பணிமனையில் அசைத்தபோது அது தற்காலிகமாக ஒட்டியதால்தான் மெமரி சில நாள் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். பற்றவைத்து, உறை போட்டு, ஒயர்க் கட்டைத் தண்டவாளத்தில் படாமல் கட்டினார். சீட்டை இரு எல்லைகள் வரை ஓட்டி மெமரியைப் பதியவைத்தார். ஏர்பேக் பிழையையும் சரிசெய்தார். கூலி 900 ரூபாய். 'புதிய' மாட்யூலின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நெம்பிய தடமும் உள்ளே பழைய தூசியும் இருந்ததைக் காட்டியவரும் அவரே.

வண்டியை ஒப்படைக்கும் முன் சீட் சுவிட்சில் ஓடுவதை வீடியோ எடுத்து வையுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

கோவைப் பணிமனையைத் தொலைபேசியில் கேட்டபோது, "கேஸ் போடுவதென்றால் கோவைக்குத்தான் வர வேண்டும்" என்று மிரட்டினார்கள். அது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில், படங்கள், பொள்ளாச்சி எலக்ட்ரீசியன் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்துப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன்.