ஸ்வீடிஷ் படிக்க வேலூரில் காசு கட்ட வேண்டாம்: எஸ்.எஃப்.ஐ. வகுப்பு பற்றி

காட்பாடியிலிருந்து ஸ்வீடனுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள், அதிலும் நர்ஸ் வேலை பார்ப்பவர்கள், ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: மொழியை எங்கே படிச்சே, எவ்வளவு கட்டினே? எங்க அண்ணியும் நர்ஸ்தான், அவங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் வேலூரில் ஒரு சென்டரில் 18,000 ரூபாய் கட்டிப் படித்தேன். அதைத் தண்டம் என்றுதான் சொல்வேன். எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் மாதிரி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், காதால் கேட்கவே வைக்கவில்லை. அங்கே போய் இறங்கியதும் எனக்கு ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை.

எஸ்.எஃப்.ஐ. என்பது குடியேறியவர்களுக்கான ஸ்வீடிஷ் வகுப்பு. கொம்யூன், அதாவது நம்ம நகராட்சி மாதிரியான அமைப்பு, இதற்குப் பொறுப்பு. கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஒரு வருஷமாவது தங்கப்போகிறீர்கள் என்றால் வரி அலுவலகத்தில் பதிவு செய்து பெர்ஷூன்நும்மெர் என்ற அடையாள எண்ணை வாங்க வேண்டும், அது கைக்கு வந்ததும் சேரலாம். உங்களோடு வரும் கணவரோ மனைவியோ கூட அப்படியே பதிந்து சேரலாம். ஏ, பி, சி, டி என்று நாலு கோர்ஸ். காலேஜ் முடித்தவர்களை நேராக சி-யில் போடுவார்கள்.

என் வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்து சாயங்காலம். டிசம்பரில் மூன்று மணி வாக்கிலேயே இருட்டிவிடும், பனியில் நடந்து போய் உட்கார வேண்டும். டீச்சர் முதல் நாளிலிருந்தே ஸ்வீடிஷ் தவிர வேறு பேசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய உதவி. குறையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்த இடத்தில் ஒரே பருவத்தில் இரண்டு தடவை டீச்சர் மாறினார்கள், ஒவ்வொரு தடவையும் பழைய பாடத்தையே திரும்ப நடத்தினார்கள், வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவருக்கு அந்த மூன்று வாரம் சின்ன நஷ்டம் இல்லை.

ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழி பயப்படுகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். குறில் நெடில் நமக்குப் புதுசா என்ன? 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்று குறிலாக்கி கடைசி மெய்யை அழுத்தினால் நன்றி. 'கிளாஸ்' நெடிலானால் கண்ணாடி, குறிலானால் ஐஸ்கிரீம். மற்ற நாட்டுக்காரர்கள் இதில் வாரக்கணக்கில் தடுமாறினார்கள், படத்துக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு ஒரு நாள் போதும். வினைச்சொல்லிலும் நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம், விகுதி மாறாது. உறவுமுறையைக் கேட்டால் இன்னும் சந்தோஷமாக இருக்கும்: அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்', அம்மாவின் அம்மா 'மூர்மூர்', தாய்மாமன் 'மூர்ப்ரூர்', அத்தை 'ஃபாஸ்டெர்'. அங்கிள், ஆன்ட்டி என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்லை. இதைச் சொன்னதிலிருந்து அண்ணி பையன் போனில் என்னை ஃபாஸ்டெர் என்றுதான் கூப்பிடுகிறான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'ஒரு' என்று சொல்ல 'என்' வருமா 'எத்' வருமா என்று மனப்பாடம் செய்தே ஆகணும். அப்புறம் எல்லோரையும் 'டூ', அதாவது நீ, என்று கூப்பிடுவது. 1967-இல் ப்ரூர் ரெக்செட் என்பவர் மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார், அந்தக் காலத்தில் நாடே அப்படி மாறியது. நர்ஸாகப் போகிறவர்கள் பெரிய டாக்டரையும் பெயர் சொல்லி, நீ என்று பேச வேண்டும். எனக்கு டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இரண்டு மாதம் ஆனது.

ஆபீஸில் வேலை இங்கிலீஷில் ஓடிவிடும், காபி நேரம் ஓடாது. ஃபீகா என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள், மொழி தெரியாதவர் அங்கே தனி ஆள். ஒரு தடவை ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோனேன், உள்ளே என்ன என்று கேட்டார்கள், பாதாமுக்கு 'மான்டெல்' என்று ஆரம்பித்து தட்டுத்தடுமாறி அரை மணி நேரம் ஸ்வீடிஷிலேயே பேசினேன். அந்த நாளை மறக்கவே மாட்டேன்.

இங்கே இருக்கும்போதே தொடங்க வேண்டுமா? ஸ்வீடன் ரேடியோ எளிய ஸ்வீடிஷில் சின்னச் சின்ன செய்தி போடுகிறது, '8 சீடோர்' என்று எளிய நடைச் செய்தித்தாளும் நெட்டில் இலவசம். அண்ணி தோசை ஊற்றும்போது அந்த ரேடியோவைப் போட்டுவிடுகிறாங்க. அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, காது பழகட்டும்.

நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு விஷயம். எஸ்.எஃப்.ஐ. டி கோர்ஸ் முடித்தால், மொழித் திறனுக்கான ஐரோப்பிய அளவுகோலில் ஏறக்குறைய பி1 அளவுதான் வரும் (இது கோர்ஸ் எழுத்து இல்லை). இந்தியாவில் படித்த நர்ஸுக்கு அங்கே லைசென்ஸ் வேண்டுமென்றால் அதே அளவுகோலில் இன்னும் மேலே உள்ள சி1 அளவு ஸ்வீடிஷ் கேட்பார்கள், தொழில் அறிவுத் தேர்வும் உண்டு. அதனால் டி-க்குப் பிறகு கொம்வுக்ஸ் என்ற பெரியவர்களுக்கான பள்ளியில் மேல்நிலை ஸ்வீடிஷ் தொடர வேண்டும், அதுவும் இலவசம்தான். ஆறு மாதத்தில் நர்ஸ் வேலை என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. அண்ணியிடம் மொழிக்கு மட்டும் இரண்டு வருஷம் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.