நூலக அறிவியல் பட்டம்: ஒரு தமிழாசிரியரின் நீண்ட நாள் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டம் கெலமங்கலம் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, தொலைநிலைக் கல்வியில் நூலக அறிவியல் இளநிலைப் பட்டமும் அதன்மேல் முதுநிலைப் பட்டமும் பெற்றேன். ஒவ்வொன்றும் ஓராண்டுப் படிப்பு. 2018இல் சான்றிதழ் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தப் படிப்பை வகுப்பறையில் நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்ததில் ஒன்று தெளிவாகியிருக்கிறது. புத்தகத்தைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தப் படிப்பு நன்றாகக் கற்றுத்தருகிறது. அந்தப் புத்தகத்தைத் திறந்த பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால் என்ன செய்வது என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. சேர விரும்பும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

சம்பளத்தைக் கணக்குப் போட்டுச் சேர வேண்டாம். உயர்கல்வித் தகுதிக்கு வழங்கிவந்த முன் ஊதிய உயர்வுகளைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பெரும்பாலான நடுநிலைப் பள்ளிகளில் நூலகர் பணியிடமும் கிடையாது. நூலகப் பொறுப்பு யாராவது ஓர் ஆசிரியர் தலையில் விழும். எங்கள் பள்ளியில் அது என் தலையில் விழுந்தது. அலமாரிச் சாவியை வாங்கிய பிறகுதான் படிப்பிலேயே சேர்ந்தேன்.

படிப்பு நடந்த விதத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வார இறுதி வகுப்புகளுக்கு இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்குப் பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தால், வகுப்பு இல்லை என்று கதவில் தாள் ஒட்டியிருந்த நாட்களும் உண்டு. நேரில் கொடுத்த ஒப்படைப்புகளுக்கு மதிப்பெண் ஏறவே பல மாதம் ஆயிற்று. எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

பாடத்தில் முழு மனதோடு பாராட்ட வேண்டியது பகுப்புச் செய்முறைதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் முறையான, 1876இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பின் வழியே ஒவ்வொரு நூலுக்கும் எண் கொடுத்துப் பழக்குவார்கள். 7.5க்கு 12.5 சென்டிமீட்டர் அட்டையில் கையால் பட்டியல் எழுத வைப்பார்கள். இந்தக் காலத்தில் அட்டை எதற்கு என்று உடன் படித்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நூல் எதைப் பற்றியது என்று முடிவுசெய்யாமல் அதற்கு எண் போட முடியாது. முடிவுசெய்ய வேண்டுமென்றால் நூலைத் திறந்து பார்த்தாக வேண்டும். அப்படித்தான் எங்கள் அலமாரியில் என்னென்ன இருக்கின்றன என்பதே எனக்கு முதன்முதலாகத் தெரியவந்தது.

ஆனால் பள்ளிக்கு வந்தபோது ஒரு சிக்கல். தமிழ் இலக்கியத்துக்கான எண் 894.811. எங்களிடம் இருந்த கதை, பாடல், நாடகம் எல்லாம் 894.811 என்றே தொடங்கி ஒரே தட்டில் குவிந்தன. நாட்டுப்புறக் கதைகள் மட்டும் 398.2க்குப் பிரிந்து போயின. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த எண்ணால் என்ன பயன்? எனவே முதுகில் எண்ணுக்கு மேலே ஒரு வண்ணப் பட்டையும் ஒட்டினேன். பெரிய எழுத்தும் சின்ன வாக்கியமும் உள்ளவற்றுக்குப் பச்சை, பத்தி பத்தியாகப் போகிறவற்றுக்கு மஞ்சள், படம் குறைந்து பக்கம் நிறைந்தவற்றுக்குச் சிவப்பு. எண்ணை நான் கைவிடவில்லை. மாமரத்துக்கு 634, தக்காளிக்கு 635 என்று காட்டிக் கொடுத்ததும் தோட்டக்கார வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே அந்தத் தட்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆவதற்கு முன் கணக்கு ஆசிரியராக இருந்தவர் என்பதைப் பாடத்தில் படித்தபோது எனக்குப் பெரிய ஊக்கம். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அழுக்காகிவிடும், கிழிந்துவிடும், கணக்குக் கேட்பார்கள் என்று பூட்டி வைத்திருக்கும் அலமாரிகள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கின்றன. தணிக்கைக்குப் பயப்படும் தலைமை ஆசிரியரிடம் பேச அந்த விதி எனக்குத் துணிவு தந்தது. அதேபோல 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். “அப்படியானால் அது நம் பணத்தில் நடக்கிறதா, டீச்சர்?” என்று ஓர் அம்மா கேட்டார். அடுத்த வாரமே பேத்தியை ஊர்ப்புற நூலகத்துக்கு அழைத்துப்போய் உறுப்பினராக்கிவிட்டார்.

இனி, படிப்பு தொடாத பகுதி. எங்கள் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் ‘கொக்கு’ என்ற சொல்லின் முன் அப்படியே நின்றுவிட்டான். விரல் முதலில் கொம்பில் நின்றது, பிறகு ககரத்தில், பிறகு காலில். “கெ… கா…” என்றான். சத்தம் ஒன்று, கண் பார்க்கும் உறுப்புகள் மூன்று. அதில் முதலில் நிற்கும் கொம்பு தனியே ஒலிக்காதது. அவனுக்கு அறிவு குறைவில்லை. அவன் வலியை நூலக அறிவியலின் எந்தத் தாளும் எனக்கு விளக்கவில்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாசிப்பு வல்லுநர் என்றே தனிப் பணி உண்டு. அதற்கு முதுநிலைப் படிப்பும் மாநிலச் சான்றும் கேட்கிறார்கள். நம்மிடம் அப்படியொரு பணி இல்லாததால் நானே துண்டு துண்டாகத் தேடிப் படித்தேன். அதில் மிகவும் உதவியது நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய வாசிப்புப் பதிவு முறை. பிள்ளை வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு ஒரு குறி, தவறினால் என்ன சொன்னான் என்ற குறிப்பு, தானே திருத்திக்கொண்டால் அதற்கும் ஒரு குறி. சரியாக வாசித்த சொற்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் அவனுக்கு இப்போது கடினம். ஆனால் அதைத் தமிழுக்கு அப்படியே பொருத்தினால் அநியாயமாகிவிடும். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். பாதி வரை சரியாக வாசித்தவனுக்கும் முழுத் தவறு என்று விழும். நான் எழுத்துக் கணக்கில் எண்ணுகிறேன். எந்த எழுத்தில் நின்றான் என்பது அப்போது பளிச்சென்று தெரிகிறது. ஒகர, ஓகார வரிசைகளில்தான் அதிகம் நிற்கிறார்கள். கௌவில் வரும் கடைசி உறுப்பை ளகரமாகவே வாசித்துவிடுகிறார்கள். இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இப்போது வண்ணப் பட்டைகளையே மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை இது. நூலகப் பொறுப்பு ஏற்கெனவே கையில் இருந்தால் இளநிலைப் பட்டம் கட்டாயம் படியுங்கள். அந்த ஓராண்டு முழுக்கப் பயன்படும். முதுநிலையில் கணினி, தகவல் மேலாண்மை என்று பெரிய நூலகங்களுக்கான பாடமே மிகுதி. நடுநிலைப் பள்ளி அலமாரிக்கு ஒரு விரிதாள் போதும். முதுநிலையைப் படித்தே தீருவது என்றால், ஆய்வேட்டுக்கு உங்கள் பள்ளியின் நூல் வழங்கல் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்தை எந்த வகுப்புப் பிள்ளை பாதியில் திருப்பிக் கொடுத்தது என்பதற்கு ஒரு தனிக் கட்டத்தை அதில் இந்த ஆண்டே சேர்த்துவிடுங்கள். தலைப்பு பதிவாகும் நேரத்தில் தரவு கையில் இருக்கும்.