ஐந்து பேர் கேட்ட ஏழாம் எண்: சேலத்தில் ஒரு ஜெர்சி அச்சுக் கடை

எங்கள் ஊர்க் கபடி அணிக்காகச் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு கடையில் பன்னிரண்டு ஜெர்சிகளுக்கு எண் அச்சிடக் கொடுத்தபோது, ஐந்து பேர் 7-ஐயே கேட்டிருந்ததைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டார். ஜூலை 7 அன்று பிறந்த தோனி அணிந்த எண் அது; கால்பந்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கன்டோனா, பெக்காம், ரொனால்டோ ஆகியோரின் முதுகிலும் அதுவே இருந்தது. கபடியிலோ ஓர் அணிக்குக் களத்தில் நிற்பவர்களே ஏழு பேர்தாம் என்பதால், அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாடுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. ஒரே அணியில் இருவருக்கு ஒரே எண் கூடாதென்று கடைக்காரரே பொறுமையாக எடுத்துச் சொல்லி, மற்ற நால்வரையும் 17, 27, 37, 77 என்று சம்மதிக்க வைத்தது பாராட்டத்தக்கது.

துணி நன்று, விலையும் நியாயம். வெப்ப அழுத்தத்தில் ஒட்டிய எண்தான் குறை. மூன்றாம் சலவையிலேயே 7-இன் மேல்கோடு ஓரத்திலிருந்து சுருண்டு உரிந்துவிட, எங்கள் ரெய்டர் ஒரு போட்டி முழுவதும் கோணல் 1-உடன் ஆடினார். மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், சட்டையை உட்புறம் திருப்பித் துவைக்க வேண்டும், எண்ணின் மேல் இஸ்திரி போடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.